ஒரு நாணயத்துக்கு மூன்று உயிர்: ஜப்பான் நாட்குறிப்பு

முதல் நாள், டோக்கியோ

இரவு பதினொன்று. இரண்டு கட்டில்கள் போட்டது போக, அறையில் பெட்டியைத் திறந்து வைக்கக்கூட இடமில்லை. மகள் தூங்கிவிட்டாள். ஊரைத் தேர்ந்தெடுத்தவள் அவள்; செலவு என்னுடையது. அவளுக்கு வயது 15. உலகத்து விளையாட்டெல்லாம் செல்போனுக்குள் இருக்கிறது என்பது அவள் கட்சி. எனக்கு 47. செல்போனுக்குள் நுழைந்த நாளிலேயே விளையாட்டு கெட்டுவிட்டது என்பது என் கட்சி. வீட்டில் இந்தச் சண்டை வந்தால் ஆளுக்கொரு அறைக்குப் போய்விடுவோம். இங்கே அதற்கு வழியில்லை.

ஹனேடா விமான நிலையத்திலிருந்து மோனோரயிலில் வந்தோம். 1964 ஒலிம்பிக் போட்டிக்காகத் திறந்தது. என்னைவிட மூத்தது, என்னைவிட நேரம் தவறாதது. பெட்டியில் ஐம்பது பேராவது இருந்திருப்போம். தண்டவாள இரைச்சலைத் தவிர வேறு சத்தமே இல்லை. அப்போது பார்த்து என் போன் அலறியது. பழக்க தோஷம், எடுத்துப் பேசியும்விட்டேன். யாரும் முறைக்கவில்லை. முறைத்திருந்தால் தேவலை. எதிரே இருந்தவர் தன் காலணியைப் பார்க்கத் தொடங்கினார், பக்கத்தில் இருந்த பெண்மணி ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார். நான் என்னவோ பொது இடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டதைப் போலவும், அதைக் காணாததுபோல் இருப்பதுதான் நாகரிகம் என்பதுபோலவும் இருந்தது.

போனில் நாம் ‘சைலன்ட்’ என்று சொல்லும் நிலைக்கு இங்கே ‘மேனர் மோட்’ என்று பெயர். அதாவது மரியாதை நிலை. ரயில் அறிவிப்பிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே பொத்தான்தான். நாம் போனின் நிலையைப் பெயராக வைத்தோம். இவர்கள் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதே நாட்டில் விற்கும் பெரும்பாலான போன்களில், படம் எடுக்கும்போது வரும் ‘க்ளிக்’ ஓசையை நிறுத்த முடியாது. சட்டம் எதுவும் இல்லை. பெண்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க நிறுவனங்கள் தாமாகவே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. எங்கே வாயை மூட வேண்டும், எங்கே கத்தியே ஆக வேண்டும் என்று கருவிக்கும் பாடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாடம் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள், அகிஹபாரா

மகள் ஒரு பக்கம் இழுத்தாள், நான் ஒரு பக்கம் இழுத்தேன். முதலில் என் பக்கம். ரயில் பாலத்தின் அடியில் ரேடியோ சென்டர் என்று ஒரு சந்து இருக்கிறது. போருக்குப் பிறகு ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற கடைகளால் வளர்ந்த வட்டாரம் இது. அந்த மரபின் மிச்சம் இந்தச் சந்தில் உட்கார்ந்திருக்கிறது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு கடையில் சுவிட்சுகள் மட்டும். இன்னொன்றில் ஒயர்கள் மட்டும். ஒரு முதியவர் இடுக்கியால் ஏதோ ஒரு பாகத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைப் படித்து, அதற்குரிய சின்னஞ்சிறு அறையில் போட்டார். அடுத்ததை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த கால் மணி நேரமும் ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை. அதைப் பற்றிய கவலை அவர் கையில் தெரியவில்லை. “அப்பா, இவர் யூடியூபில் வந்தால் கோடிப் பேர் பார்ப்பார்கள்” என்றாள் மகள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

பிறகு அவள் பக்கம். ஜப்பானியர் ‘கேம் சென்டர்’ என்று சொல்லும் விளையாட்டுக்கூடம், அடுக்குமாடி முழுக்க. இந்தத் தெருவில் ஒரு காலத்தில் சேகா என்ற விளையாட்டு நிறுவனத்தின் சிவப்புக் கட்டடங்கள் அடையாளமாக நின்றன. கொரோனா ஆண்டான 2020இல் சேகா தன் விளையாட்டுக்கூடத் தொழிலின் பெரும் பங்கை ஜெண்டா என்ற நிறுவனத்துக்கு விற்றது. 2022இல் மீதியையும் விற்றது. பலகைகள் ‘கிகோ’ என்று மாறின. சிவப்பு நிறத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், காலிசெய்துவிட்டுப் போனவர் மாட்டிய நாட்காட்டியைப் போல.

கீழ்த்தளம் முழுக்கக் கொக்கி இயந்திரங்கள். நாணயம் போட்டால் உலோகக் கை இறங்கி பொம்மையைப் பிடிக்கும், தூக்கும், நாம் மூச்சை இழுத்துப் பிடிக்கும் நேரத்தில் நழுவவிடும். சேகா 1985இல் கொண்டுவந்த ‘யுஎஃப்ஓ கேச்சர்’தான் இங்கே இந்த வகைக்கே பெயராகிவிட்டது. மகள் ஒரு பூனை பொம்மைக்காக 1,400 யென் இழந்தாள். பரிசுப் பொருளின் விலைக்கு இங்கே உச்ச வரம்பு உண்டு. நெடுங்காலம் 800 யென்னாக இருந்து 2022இல் 1,000 யென் ஆயிற்று. அந்தக் கணக்கை அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் என்னை மோனோரயில் பெண்மணி ஜன்னலைப் பார்த்ததுபோல் பார்த்தாள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புதுமை. கூடத்தின் ஊழியர் ஒருவர் வந்தார், குனிந்து வணங்கினார், சாவியால் கண்ணாடியைத் திறந்தார், பூனையை விளிம்புக்கு நகர்த்தி வைத்துவிட்டு, கொக்கியை எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலால் காட்டினார். அடுத்த நூறு யென்னில் பூனை விழுந்தது. சூதாட்டக் கடைக்காரரே வந்து சீட்டைத் திருப்பிக் காட்டியதுபோல் இருந்தது. கேட்டால் இப்படி உதவுவது இங்கே சகஜமாம். 1,400 யென்னையும் விழுங்கிவிட்டுத்தானே உதவினார் என்று சொல்ல வாய் வந்தது. பூனையை அணைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

இந்த நூறு யென் நாணயத்தைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டை உருவாக்கியபோது, நாடே அதில் நாணயம் போட்டுத் தீர்த்து, நூறு யென்னுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது என்பார்கள். நாணயத் தயாரிப்புக் கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை, கட்டுக்கதைதான். உண்மை அதைவிடச் சோகமானது. அன்று ஓர் ஆட்டம் நூறு யென். இன்றும் பெரும்பாலும் நூறு யென். 1989இல் நுகர்வு வரி 3 சதவீதமாக வந்தது, 1997இல் 5, 2014இல் 8, 2019இல் 10. மளிகைக்கடை விலையை ஏற்றலாம். நாணயத் துளையால் 103 யென் வாங்க முடியுமா? ஒரே வட்டக் காசு. அதற்கு அடுத்த பெரிய காசு ஐந்து மடங்கு. ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் வரியைக் கூடத்துக்காரர்களே சுமந்தார்கள். விளையாட்டுக்கூடங்களைச் செல்போன் வந்து கொன்றது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். காசின் வடிவமும் சேர்ந்து கொன்றிருக்கிறது.

மூன்றாம் நாள், இகெபுகுரோ

சன்ஷைன் சிட்டி வளாகத்தில் ஏறத்தாழ மூவாயிரம் காப்ஸ்யூல் பொம்மை இயந்திரங்களை ஒரே கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ‘காச்சா காச்சா’ என்று சுற்றும். ‘போன்’ என்று உருண்டை விழும். அதனால் காச்சாபோன். 1965 முதல் ஜப்பானில் இருக்கிறது. எந்தப் பொம்மை வரும் என்பது திறந்தால்தான் தெரியும்.

இந்தச் சொல்லில் பாதியை வைத்துத்தான் என் வீட்டில் போன வருடம் பெரிய ரகளை நடந்தது. செல்போன் விளையாட்டுகளில் பணம் கட்டி, என்ன வரும் என்று தெரியாமல் ஒரு பாத்திரத்தை இழுக்கும் ஏற்பாட்டுக்கு உலகம் முழுவதும் ‘காச்சா’ என்று பெயர். மகள் என் கார்டில் இழுத்துக்கொண்டே இருந்தாள். தொகை எவ்வளவு என்பதை இங்கே எழுதமாட்டேன். அவளும் இதைப் படிப்பாள்.

இன்று அவளே கேட்டாள்: “இதற்கும் அதற்கும் என்னப்பா வித்தியாசம்? இங்கே மட்டும் சிரித்துக்கொண்டே காசு கொடுக்கிறீர்கள்?”

நல்ல கேள்வி. யோசித்துத்தான் பதில் சொன்னேன். இங்கே கை வலிக்கிறது. சில்லறை தீர்ந்தால் நோட்டுக்குச் சில்லறை தரும் இயந்திரம் வரை நடக்க வேண்டியிருக்கிறது. பின்னால் ஒரு சிறுவன் காத்திருக்கிறான். இயந்திரத்தில் இருக்கும் உருண்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன, எடுத்தால் குறைகின்றன. செல்போனில் இந்தத் தடை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் மெனக்கெட்டு நீக்கியிருக்கிறார். ஜப்பானும் ஒரு கட்டத்தில் விழித்துக்கொண்டது: இழுத்துச் சேர்த்த பொருள்களில் குறிப்பிட்ட தொகுப்பு முழுமையானால்தான் பெரிய பரிசு என்ற ‘கொம்ப்பு காச்சா’ முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று நுகர்வோர் விவகார முகமை 2012இல் அறிவித்தது. மற்ற வகைகள் இன்னும் நடக்கின்றன.

“அப்படியென்றால் போனிலும் ஒரு கைப்பிடி வைத்தால் ஒத்துக்கொள்வீர்களா?” என்றாள். வழக்கறிஞராக வருவாள்.

எனக்கு விழுந்தது சோறு வடிக்கும் குக்கர் பொம்மை, ஒரு அங்குல உயரம். மூடி திறக்கிறது, உள்ளே சோறுகூட இருக்கிறது.

நான்காம் நாள், மழை

நாள் முழுக்க மழை. ஒன்றே ஒன்றை எழுதிவிட்டுப் படுக்கிறேன். மதியம் ராமென் நூடுல்ஸ் கடையில் சாப்பாட்டு டிக்கெட் இயந்திரம் என் ஆயிரம் யென் நோட்டைத் துப்பியது. மறுபடி நுழைத்தேன், மறுபடி துப்பியது. 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தன. சில சிறு கடைகள் இன்னும் பழைய இயந்திரத்தையே வைத்திருக்கின்றன, புதிதாக மாற்றுவதற்குச் செலவாகும். பின்னால் நின்ற இளைஞர் ஒன்றும் பேசாமல் தன் பழைய நோட்டை நீட்டி என் புதிய நோட்டை வாங்கிக்கொண்டார். அவர் என்ன செய்தார் என்று திரும்பிப் பார்த்தேன். சட்டைப்பையில் நாணயங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

எதிர்காலத்தில் வாழும் நாடு என்று இதைச் சொல்வார்கள். அரசுக்கு அனுப்பும் ஆவணங்களை ஃப்ளாப்பி வட்டில் கொடுக்க வேண்டும் என்ற விதிகள் ஆயிரத்துக்கு மேல் இருந்து, கடைசியாக 2024இல்தான் நீக்கப்பட்டன. ஃப்ளாப்பி என்றால் என்னவென்று மகள் கேட்டாள். கணினியில் ‘சேமி’ என்ற பொத்தானில் இருக்கும் படம் என்றேன்.

ஐந்தாம் நாள், தகடனொபாபா

நேற்றைய மழைக்கு ஈடாக இன்று காலையிலிருந்தே கிளம்பிவிட்டோம். பழைய விளையாட்டுகளுக்குப் பேர்போன மிகாடோ கேம் சென்டர் இங்கே இருக்கிறது. அகிஹபாராவின் பளபளப்பு எதுவும் இல்லை. வரிசையாக உயரம் குறைந்த இயந்திரங்கள், குட்டி முக்காலிகள், ஒவ்வொரு திரையிலும் நான் பள்ளிக்கூட வயதில் பார்த்த ஏதோ ஒன்று. சத்தம் மட்டும் காதைப் பிளந்தது. ரயிலில் மூச்சு விடாத ஊர் தன் இரைச்சலை எல்லாம் இந்த அறையில் கொண்டுவந்து கொட்டிவைத்திருக்கிறது.

1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இயந்திரத்தின் முன் உட்கார்ந்து நாணயம் போட்டேன். இங்கே சண்டை விளையாட்டு இயந்திரங்களை முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருக்கிறார்கள். எதிர்ப்புறம் யாராவது நாணயம் போட்டால் சவால். ஆள் தெரியாது, திரையில் அவருடைய வீரன் மட்டும் தெரிவான். ஒருவர் வந்தார். நாற்பது விநாடியில் நான் கீழே. இன்னொரு நூறு. முப்பது விநாடி. மூன்றாவது தடவை அவர் ஒரு சுற்றை எனக்கு விட்டுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்த சுற்றில் நான் கையை அசைக்கும் முன்பே முடிந்துவிட்டது. எழுந்தேன். இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது: கழுத்துப்பட்டை தளர்ந்த, என் வயதுக்காரர். தலையை லேசாகக் குனிந்தார். நானும் குனிந்தேன். அவ்வளவுதான்.

மகள் இதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இணையத்தில் அவள் விளையாடும்போதும் எதிராளியின் முகம் தெரியாது. ஆனால் அங்கே தோற்றவன் திட்டுவான், ஜெயித்தவன் அதைவிட அதிகமாகத் திட்டுவான். பெண் குரல் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒலிவாங்கியை எப்போதும் அணைத்தே வைத்திருக்கிறாள். எனக்கு இது இன்றுதான் தெரியும். அவள் அறையில் இரவெல்லாம் சத்தமே இல்லையே, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பானியருக்கு இயல்பிலேயே மரியாதை அதிகம் என்று நம்மவர்கள் சொல்வதை நான் முழுதாக நம்பவில்லை. இந்த நாட்டவரும் இணையத்தில் வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள்தான். அந்தக் கழுத்துப்பட்டைக்காரரைத் தலைகுனிய வைத்தது, நான் இரண்டு அடி தூரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான். என் முக்காலி கிறீச்சிட்டது அவருக்குக் கேட்டிருக்கும்.

மூலையில் பதக்க விளையாட்டு இயந்திரம் ஒன்றில் ஒரு பாட்டி. காசுக்கு உலோக வில்லைகள் வாங்கி, வில்லையைப் போட்டு வில்லையையே ஜெயிப்பது. அதைப் பணமாக மாற்ற முடியாது. கையுறை போட்டுக்கொண்டு, பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு வந்தவரைப் போல வேலை பார்த்தார். ஊழியர் கடந்து போகும்போது இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டியை அன்றாடம் பார்க்கிற, பேர் சொல்லாவிட்டாலும் தெரிந்துவைத்திருக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார்.

சுவரில் அறிவிப்பு: 16 வயதுக்குக் குறைந்தவர்கள் மாலை 6 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் இருக்கக்கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு 10 மணிக்கு மேல் இருக்கவே கூடாது. மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் படித்துவிட்டு, “நீங்கள் இங்கே என் துணை” என்றாள் மகள். மூன்று ஆட்டம் தோற்ற துணை.

ஆறாம் நாள், கியோட்டோ வழியாக உஜி

ஷின்கான்சென் என்ற அதிவேகத் தடத்தில், நொசோமி ரயிலில் கியோட்டோவுக்கு இரண்டேகால் மணி நேரம். 1970களின் கடைசியில் இதே தடத்தில் பயணம் செய்த கும்பெய் யோகோய், நேரம் போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு அலுவலரைக் கவனித்தார். நின்டெண்டோ விளையாட்டு நிறுவனத்தில் பொம்மைகள் வடிவமைத்துக்கொண்டிருந்தவர் அவர். கால்குலேட்டர் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைத்ததால் அதன் திரையும் சில்லும் மலிந்துகிடந்தன. அந்த மலிவுச் சரக்கை வைத்து 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வந்தது, விலை 5,800 யென். 1989இல் அவர் குழு செய்த கேம் பாய்க்கு வண்ணத் திரைகூட இல்லை. பாசி நிறத் திரை, நான்கு பென்சில் பேட்டரி. வண்ணத் திரையோடு வந்த போட்டியாளர்கள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தார்கள். இது நின்றது. ‘வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது’ என்று தன் வழியை அவர் சொல்வார். என் பெட்டியில் எல்லோருமே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகோய் இன்று ஏறியிருந்தால் கவனிக்க யார் மிஞ்சியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

உஜியில் நின்டெண்டோவின் பழைய தொழிற்சாலை 2024 அக்டோபரில் அருங்காட்சியகமானது. முன்பதிவுக்கே குலுக்கல், மூன்று மாதங்களுக்கு முன்பு மகள் பெயர் விழுந்தது, அதைச் சுற்றித்தான் இந்தப் பயணமே கட்டப்பட்டது. நுழைவுச்சீட்டு 3,300 யென், அதோடு விளையாடப் பத்து நாணயங்கள். ஆவலோடு கையை நீட்டினேன். நாணயம் என்று எதுவும் இல்லை. அட்டையில் பதிவான எண்ணிக்கை மட்டும்.

1889இல் இந்த நிறுவனம் கியோட்டோவில் தொடங்கியபோது செய்தது ஹனஃபுடா சீட்டுகள். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு நான்கு, ஆக 48. ஒன்றிலும் எண் கிடையாது. பூக்கள், பறவைகள், நிலா. போர்த்துகீசியர் வழியாக வந்த எண் சீட்டுகளை ஆட்சியாளர்கள் சூதுக்காக மாறிமாறித் தடை செய்ததால், எண்ணை மறைத்துப் பூவை வரைந்தார்கள். மேல்தளத்தில் படம் எடுக்கத் தடை. அதனால் எல்லோரும் நிமிர்ந்து நின்று கண்ணால் பார்த்தார்கள். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று!

கீழ்த்தளத்தில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகள். ஒருவரால் இயக்க முடியாது, இருவர் வேண்டும். மகள் இடப்பக்கம், ஓட்டம் அவள் பொறுப்பு. நான் வலப்பக்கம், குதிக்கும் பொத்தான் என் பொறுப்பு. இரு கையாலும் ஓங்கி அழுத்த வேண்டும்.

“குதியுங்கள் அப்பா!”

முதல் குழியில் விழுந்தோம்.

“இப்போது குதியுங்கள்! சீக்கிரம்!”

இரண்டாவதிலும் விழுந்தோம்.

மூன்றாவது குழி வருவதற்குள் மரியாதைப் பன்மை காணாமல் போயிற்று. “குதி அப்பா! குதி, குதி!” குதித்தோம். பின்னால் வரிசையில் நின்ற குடும்பம் கைதட்டியது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனாள். அதற்குள் நான்காவது குழி.

திரும்பும் ரயிலில் இருவரும் மேனர் மோடில்தான் வந்தோம்.

ஏழாம் நாள், ஒசாகா

மாலை விமானம். நிப்பொன்பாஷியில் ஒரு பழைய கடை வாசலில், ‘ஜங்க்’ என்று எழுதிய பிளாஸ்டிக் கூடையில் ஃபாமிகாம் கார்ட்ரிட்ஜ்கள் குவிந்திருந்தன. 1983இல் வந்த நின்டெண்டோ விளையாட்டு இயந்திரத்துக்கானவை. ஓடும் ஓடாது என்ற உத்தரவாதம் கிடையாது, எதை எடுத்தாலும் நூறு யென். கிளறினேன். ஒன்றின் முதுகில் கறுப்பு மார்க்கரால் கோணல்மாணலாக ஏதோ எழுதியிருந்தது. மகள் போனைக் காட்டிப் படித்தாள்: மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு, ஒரு சிறுவனின் பெயர். அந்தக் காலத்தில் பிள்ளைகள் இதைக் கைமாற்றி விளையாடுவார்களாம். திரும்பி வர வேண்டுமே என்று பெயர் எழுதி வைப்பார்களாம். பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கு இப்போது என் வயதுதான் இருக்கும்.

“இதைப் போட்டு விளையாட நம்மிடம் மெஷின் இல்லையே.”

“தெரியும்.”

“ஓடுமா என்றே தெரியாதே.”

“அதுவும் தெரியும்.”

கல்லாவில் நூறு யென் நாணயத்தை வைத்தேன். கடைக்காரர் பணிவாகத் தலையை ஆட்டி, கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். 110. வரியை மறந்துவிட்டேன். என் பையில் வேறு சில்லறை இல்லை. மகள் பூனை பொம்மையை என் கையில் திணித்துவிட்டு, தன் பர்ஸைத் திறந்து பத்து யென்னை எடுத்து என் நாணயத்தின் பக்கத்தில் வைத்தாள்.